நம்மகிட்ட தைக்கிறவங்க

அன்று துஷாந்தனின் கடைக்குள் இருந்தவர்கள் ஆறு பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நடந்தது பாதி அதிலேயே விளங்கிவிடும்.

வாசலுக்கு நேராக, மின்விசிறிக்குக் கீழே, கடையில் இருந்ததிலேயே நல்ல கதிரையில் இஸ்ரா மிஸ். காட்டுக்கும் மலைக்கும் ஏறப் போகிறவர்களுக்குச் சாமான் விற்கிற ஒரு கொழும்புக் கம்பனியிலிருந்து வந்தவர். அவருக்கு எதிரே, மேசைக்கு இந்தப் பக்கம், என் தம்பி துஷாந்தன். கடை அவனுடையது. றக்வானை பஜாரில் போன் ரீலோட், போட்டோக்கொப்பி, பிள்ளைகளின் கொப்பி பென்சில் என்று எல்லாம் விற்கிற கொமியூனிகேஷன். கல்லாவில் அவன் மனைவி ஷாமிளா. போட்டோக்கொப்பி மிஷினை ஒட்டிய கதிரையில் என் வீட்டுக்காரர் சதீஸ். அவர் மடியில் எங்கள் சின்னவள், நாலு வயது கேஷானி.

ஆறாவது ஆள் நான். எனக்குக் கதிரை போட்டிருக்கவில்லை. உள் மூலையில், சுவரைப் பார்த்தபடி ஒரு புதுத் தையல் மிஷின் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு முக்காலி.

"அக்கா, நீ மிஷின்கிட்ட உக்காரு. மிஸ் பாக்கட்டும்," என்றான் தம்பி.

போய் உட்கார்ந்தேன். ஐந்து பேருக்கும் என் முதுகு. அவர்கள் முகம் எனக்குத் தெரியாது, பேச்சு மட்டும்தான் கேட்கும்.

தைத்துக் காட்டச் சொன்னது அட்டை மேஸ். இந்தப் பக்கத்து மழைக்காட்டில் நடக்கிறவர்கள் அட்டை ஏறாமல் இருக்கச் சப்பாத்துக்குள்ளே முழங்கால் வரை இழுத்துப் போடுகிற துணிக் காலுறை. அதைத்தான் நான் மூன்று வருடமாக வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் தைத்துக்கொண்டிருந்தேன்.

என் வேலை தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையிலேயே பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறிவிடுவார்கள். பால் கரைத்துக் கொடுக்க வேண்டும், கழுவிவிட வேண்டும், கூரை வளையில் கட்டிய சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்ட வேண்டும், நடக்கிற பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மாலையில் கொழுந்து நிறுத்து முடித்துத் தாய்மார் வரும்வரை அங்கேதான். அதற்குப் பிறகு எங்கள் வரிசை வீட்டு லயத்தில் என் பிள்ளைகள் இரண்டு பேர் காத்திருப்பார்கள்.

தொழில் தொடங்கியதும் அந்த மடுவத்து வாசலில்தான். டூரிஸ்ட்காரர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போகிற புவாட் நானா ஒருநாள் மழைக்கு ஒதுங்கினார். காலில் கிழிந்த மேஸ், அதற்குள் இரத்தம்.

"தங்கச்சி, ஊசி நூல் ஈக்கா?"

தைத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது புரட்டிப் பார்த்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை என்று பட்டது. அடுத்த வாரம் அவரே வந்து, "இது மாதிரி ஒண்டு புதுசா தைக்க ஏலுமா?" என்று கேட்டார். ஏலும் என்றேன்.

மாப் பையின் துணியில் தைத்த முதல் சோடியோடு அவர் ஒரு மணித்தியாலம்கூட நடக்கவில்லை. நெசவு இளக்கம், அட்டை நுழைந்துவிட்டது. பிறகுதான் பஜாரில் ஜாபிர் நானாவின் துணிக்கடைக்குப் போனேன். "அட்டை பூராத துணி கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான். ஆருக்குக் கல்யாணம்?" என்று சிரித்தார். சிரித்தாலும், அலமாரி முழுவதையும் இறக்கி, ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இறுக்கமான பொப்லின் ஒன்றை எடுத்துத் தந்தார்.

அது சரியாக வந்தது. ஆனால் ஏற்றத்தில் மேஸ் கீழே சரிகிறது என்று புவாட் நானா குறை சொன்னார். மடுவத்தில் கைப்பிள்ளைகளின் காலுறை கழன்று விழாமல் கணுக்காலில் நான் ஒரு நாடா வைத்துத் தைப்பதுண்டு. அதையே இதிலும் வைத்தேன். முழங்காலில் ஒரு நாடா, கணுக்காலில் ஒரு நாடா. அதற்குப் பிறகு மற்ற வழிகாட்டிகளும் என்னைத் தேடி வந்தார்கள்.

மடுவத்து நேரத்தில் ஒரு தையல்கூடப் போட்டதில்லை. காலையில் அடுப்பில் சோறு கொதிக்கும்போது வெட்டுவேன். மாலையில் மூத்தவன் விதுர்ஷனின் வீட்டுப்பாடம் பார்த்துக்கொண்டே மிஷின் மிதிப்பேன். நாடா கோர்ப்பது அவன் வேலை. ஊக்கில் நாடாவைக் குத்தி மடிப்புக்குள் ஓட்டி மறுபக்கம் எடுப்பான். "அம்மா, ஒரு மேஸுக்கு ஒரு டொபி." "ஒரு சோடிக்கு ஒன்னு." "அப்ப கேஷானியோட பங்கையும் எனக்குத் தரணும், அவ தூங்கத்தானே செய்யுறா." கேஷானிக்கு மிஷின் சத்தம் இல்லாவிட்டால் தூக்கமே வராது. வெட்டுத்துணிக் குவியலுக்குள் சுருண்டு படுத்துவிடுவாள்.

தைக்கலாம். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் ஆள் இல்லை. காட்டுப் பக்கத்துத் தங்குமிடங்களுக்கு பஸ்ஸில் போய் வர ஒருநாள் வேண்டும். எனக்கு ஒருநாள் ஏது? துஷாந்தன்தான், "அக்கா, நீ தை. மத்தத என்கிட்ட விடு," என்று சொன்னான். மழையில் நனைந்துகொண்டு மூட்டையைத் தூக்கிப் போனவன் அவன்தான். அதையும் நான் மறைக்கக்கூடாது. அம்மா குவைத்தில் இருந்த வருடங்களில் அவனுக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். அவனிடம் விடுவது என்னிடமே விடுவது மாதிரித்தான் எனக்கு.

இந்த இடத்தில் விலாசத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெளியில் இருக்கிறவர்களுக்கு இது விளங்குவது கஷ்டம்.

எங்கள் லயத்துக்கு விலாசம் இல்லை. இத்தனையாம் லயம், இத்தனையாம் காம்பரா என்று நாங்கள் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் தபால்காரர் அங்கே வரமாட்டார். தோட்டத்துக் கடிதம் எல்லாம் ஒரே கட்டாகத் தோட்ட நிர்வாகக் கந்தோருக்குப் போகும். அங்கிருந்து எந்தக் கை வழியாக, எப்போது வந்து சேரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். நான் உயர்தரம் முடித்த வருடம் ஆசிரியர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை வந்தது. கடிதம் என் கைக்கு வந்தபோது பரீட்சை முடிந்து போயிருந்தது. தோட்டத்தில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுப்பவள் நான். என் சொந்தக் கடிதம் எனக்கு வந்து சேரவில்லை.

அதனால் மேஸில் வைத்துத் தைக்கிற சின்னத் துணி லேபலுக்கு விலாசம் கேட்டபோது, துஷாந்தனின் கடை விலாசத்தைக் கொடுத்தேன். இரத்தினபுரியில் அச்சடிக்கிற இடத்திலிருந்து அவன் போன் எடுத்தான்.

"அக்கா, ரெண்டு வரிதான் புடிக்குமாம். உன் பேரப் போட்டா விலாசம் போகாது. என்னா செய்ய?"

"விலாசத்தப் போடு. பேரு எதுக்கு? விலாசம் இருந்தாத்தான் ஆள் தேடி வரும்."

விலாசமே இல்லாமல் வாழ்ந்தவளுக்கு விலாசம்தான் பெரிதாகத் தெரிந்தது. பெயர் எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன்.

தொழிலைப் பதியும்போதும் அப்படித்தான். என் பெயரில் பதிந்தால் தோட்டத்துக் கந்தோரில் கடிதம் வாங்க வேண்டும். தோட்டக் கம்பனி கொடுத்த காம்பராவில் என்ன வியாபாரம் என்று தோட்டத்துத் துரை கேட்டால் மடுவத்து வேலையும் போகலாம். "பதியிறதுக்கு உன் பேரு, தைக்கிறதுக்கு என் கை," என்று நான்தான் சிரித்துக்கொண்டு சொன்னேன். லயத்தில் இருந்து தொழில் செய்கிற யாரும் இதைத்தான் செய்வார்கள். டவுனில் ஒரு அண்ணன், ஒரு மச்சான், ஒரு சித்தப்பா. அவர் பெயரில் எல்லாம் இருக்கும்.

இனி அந்தக் கடைக்கு வருகிறேன்.

அரை நாள் லீவு போட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன். நாங்கள் அனுப்பிய மாதிரிச் சோடிகளைப் பார்த்துவிட்டுக் கொழும்பிலிருந்து ஆள் வருவதாகவும், மாதா மாதம் எடுக்கப் போவதாகவும் தம்பி சொல்லியிருந்தான். மிஸ்ஸிடம் என்ன பேச வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். பேச இடம் வரவில்லை. தைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்தக் கணுக்கால் நாடா நல்ல யோசனை," என்றார் இஸ்ரா மிஸ் பின்னாலிருந்து. "மத்த ஆக்கள்கிட்ட இது இல்ல. யாருடைய யோசனை?"

"நாங்க யோசிச்சு செஞ்சதுதான் மிஸ். டூரிஸ்ட்காரங்ககிட்ட கேட்டு, கொஞ்சம் கொஞ்சமா இம்ப்ரூவ் பண்ணுனது."

நாங்க என்றான். அதில் நானும் இருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன். மிஷின் ஓடியது.

"தைக்கிறது இங்கதானா?"

"இங்கயும் தைக்கிறோம். குருவிட்டயில ஷாமிளாவோட ஊட்டுப் பக்கம் மூணு பேர் போட்டிருக்கோம், கரண்ட் மிஷினோட. இந்தா, இவங்களும் நம்மகிட்ட தைக்கிறவங்கதான்."

இவங்க.

பிறந்ததிலிருந்து என்னை அவன் நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். கோபம் வந்தால் ஏய் என்பான். இவங்க என்று அன்றைக்குத்தான் கேட்டேன். மரியாதையான வார்த்தைதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற யாரையும் அப்படிச் சொல்லலாம்.

குருவிட்டையில் மூன்று பேர் என்பதும் எனக்குப் புதிது. இரண்டு மாதத்துக்கு முன்னால் என்னிடம் வெட்டு மாதிரிக் கடதாசியை வாங்கிப் போயிருந்தான். "தொலைஞ்சி போனா கஷ்டம் அக்கா, ஒரு கொப்பி அடிச்சு வைக்கிறேன்." போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறவன். நியாயமாகத்தான் பட்டது.

"எங்கட கம்பனியில ஒவ்வொரு பெக்கட்டிலயும் ஒரு சின்னக் கார்ட் வைப்போம்," என்றார் மிஸ். "தைச்சவங்கட பேரு, ஊரு, ஒரு படம். வாங்குற ஆக்கள் அத விரும்பிப் பாப்பாங்க. இதுக்கு யாருடைய பேரைப் போட?"

மிஷினை நிறுத்தினேன். அவன் சொல்லப் போகிறான், திரும்ப வேண்டும் என்று நினைத்தேன்.

"துஷாந்தன்னே போட்டுருங்க மிஸ். தைக்கிறவங்க மாறிக்கிட்டே இருப்பாங்க."

ஷாமிளாவின் வளையல் கல்லாவில் தட்டியது. என் வீட்டுக்காரர் பேசுவார் என்று காத்திருந்தேன். நான் மிதிக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிற மனுஷன். மகளை வைத்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"சாமான் டெலிவரிக்கு வாகனம் இருக்கா?"

"இருக்கு மிஸ். இந்தா, இவருதான் பொறுப்பு," என்றான் தம்பி.

பின்னால் சாவி குலுங்கியது. "புது த்ரீவீல் மிஸ். போன கெழமதான் எடுத்தோம்," என்று சதீஸின் குரல் கேட்டது. கேஷானி, "எனக்குத் தா, எனக்குத் தா," என்று சாவிக்குச் சிணுங்கினாள்.

வீட்டில் அந்தச் சாவியை நான் பார்த்ததே இல்லை.

மேஸை முடித்து, நூலைக் கடித்து, மேசையில் கொண்டுபோய் வைத்தேன். மிஸ் அதைப் புரட்டிப் பார்த்தார். "நல்லாத் தைக்கிறீங்க அக்கா," என்றார். மிஷினில் உட்கார்ந்ததிலிருந்து அதுவரை அந்தக் கடைக்குள் என்னை அக்கா என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மிஸ்ஸின் வாகனம் போனதும் ஷாமிளா எல்லாருக்கும் நெக்டோ சோடா ஊற்றினாள். எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினாள்.

"குடிங்க அண்ணி. ஓடர் கெடைச்ச மாதிரிதான்."

"யாருக்கு?"

"என்னா அக்கா யாருக்குன்னு கேக்குற," என்றான் துஷாந்தன். இப்போது மறுபடி அக்கா, மறுபடி நீ. "நமக்குத்தான். உனக்கு வேலை கூடும். சோடிக்கு கூட்டிப் போட்டுத் தாறேன்."

"நான் உன்கிட்ட தைக்கிறவளா?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. கொழும்பு ஆளுக்கு மொதலாளி ஒருத்தரு வேணும். ரெண்டு பேரு மொதலாளின்னா ஓடிருவாங்க."

"அப்ப என்னைய மொதலாளின்னு சொல்லியிருக்கலாமே."

அவன் சிரித்தான். கேலியாகச் சிரித்தான் என்று சொல்லமாட்டேன். உண்மையிலேயே அவனுக்கு அது சிரிப்பாக இருந்தது. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

"அக்கா, நெனைச்சுப் பாரு. காலையில மடுவத்துக்குப் போயிருவ. போன் எடுத்தா தூக்க மாட்ட, புள்ளைங்க தூங்குதுன்னு கட் பண்ணுவ. கேஷானிக்குக் காய்ச்சல்னா ஒரு கெழம தையல் இல்ல. கொழும்புக்காரன் காய்ச்சலுக்கெல்லாம் காத்திருப்பானா? நீ சொல்லு. மூணு வருஷமா மூட்ட தூக்குனது யாரு? பேசுனது யாரு?"

"நீதான்."

"பெறகென்ன?"

"நீ தூக்குன மூட்டைக்குள்ள என்னா இருந்துச்சு தம்பி?"

ஷாமிளா, "எல்லாம் குடும்பத்துக்குள்ளதானே அண்ணி," என்றாள். குடும்பத்துக்குள் என்பதால்தான் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை போலும்.

சதீஸின் பக்கம் திரும்பினேன். "எப்பருந்து தெரியும்?"

அவர் கேஷானியின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே போட்டிருந்த பொத்தான். "உனக்குச் சொன்னா நீ வேணாம்னு சொல்லியிருப்ப," என்றார். "பெக்டரி வாச்சர் வேலையில எத்தனை காலம் இருக்கிறது? துஷாந்தன் மச்சான் கையெழுத்துப் போட்டதாலதான் வண்டிக்கு லீசிங் குடுத்தாங்க. நம்ம புள்ளைகளுக்குத்தானே."

"என்னோட மாதிரிக் கடதாசிய அவனுக்கு எடுத்துக் குடுத்தது யாரு? பெட்டிக்கு மேல இருந்து எறக்கிக் குடுத்தது நீங்கதானே. அப்பவே தெரியுமா?"

நெக்டோவைக் குடிக்காமல் வைத்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். சதீஸின் த்ரீவீல் பின்னாலேயே மெதுவாக வந்தது. பஸ் நிற்குமிடம் வரை வந்து, ஏறச் சொல்லி ஹோர்ன் அடித்தது. கேஷானி அதில் போகத்தான் அழுதாள். நாங்கள் பஸ்ஸில் வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் விதுர்ஷன் கேட்டான், "அம்மா, மிஸ் நம்ம மேஸ வாங்குனாங்களா?"

"வாங்குவாங்க."

"நாடா கோர்க்கிறது நான்னு சொன்னியா?"

"இல்லடா. சொல்ல முடியல."

"ஏன்?" என்றான். சமைக்க வேண்டும் என்று எழுந்துவிட்டேன்.

அடுத்து வந்த நாட்களில் மிஷினை மூடி வைத்தேன். துஷாந்தன் தைப்பதற்கு இரண்டு தரம் வெட்டிய துணி அனுப்பினான், சதீஸின் கையில்தான். வாங்கி மூலையில் வைத்தேன். கேஷானிக்குச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை. சதீஸ் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்து வாசலில் நடந்தார். நல்ல தகப்பன்தான். அதையும் எழுதத்தான் வேண்டும். நல்ல தகப்பனாக இருந்துகொண்டே அந்தச் சாவியை வைத்திருந்தார்.

சனிக்கிழமை மிஷினுக்கு ஊசி வாங்கப் போன சாட்டில் ஜாபிர் நானாவின் கடையில் நின்றேன். பஜாரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"தம்பி பொப்லின் ரோலாத் தூக்கிட்டுப் போறான்," என்றார். "குருவிட்டக்கு. நான் நெனைச்சேன் நீங்க பெரிய ஆளாகிட்டீங்கன்னு."

"அவன்தான் ஆகிட்டான் நானா."

அவர் துணியை மடித்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "ஒண்டு செய்யுங்க. இனி தனியாத் தைங்க. வெலாசம் வேணுமெண்டா என்ட கடைய போடுங்க. நான் ஒண்டும் எடுத்துட்டு ஓட மாட்டேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். துஷாந்தனும் நல்ல மனதோடுதான் சொன்னான். "இல்ல நானா," என்றேன். "இன்னொருத்தர் வாசல்ல என் கடிதம் வேணாம்."

"அப்ப எங்க வரும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அங்கிருந்து நேராகத் தபால் கந்தோருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மாவிடம் சிங்களத்தில் கேட்டேன்: என் பெயருக்கு வருகிற கடிதத்தைத் தோட்டத்துக் கட்டோடு அனுப்பாமல் இங்கேயே வைத்திருக்க முடியுமா? சனிக்கிழமை தோறும் நானே வந்து எடுத்துக்கொள்வேன். அடையாள அட்டையோடு வந்தால் சரி, விலாசத்தில் அப்படியே எழுதச் சொல்லுங்கள் என்றார். இவ்வளவுதான். இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தவள், தபால் கந்தோரில் எனக்காக ஒரு தரம்கூட இதைக் கேட்டதில்லை.

திங்கட்கிழமை மடுவத்தில் பகல் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் எல்லாரும் தூங்கியபின் எழுதினேன். ஒரு கைப்பிள்ளை மட்டும் சிணுங்கிக்கொண்டிருந்தது. காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே எழுதினேன். இஸ்ரா மிஸ்ஸின் கம்பனி விலாசத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. முதலில் அனுப்பிய மாதிரிச் சோடிகளின் பொதிமேல் அதை எழுதியது என் கைதான்.

மற்றவர்களுக்கு எழுதும்போது நான் முதலில் பணிவாக நாலு வரி போடுவேன். இதில் போடவில்லை. திகதி, விடயம், அதற்குக் கீழே மூன்று இலக்கம்.

ஒன்று: கடையில் சுவரைப் பார்த்து மிஷினில் இருந்தவள் நான். துஷாந்தனின் மூத்த சகோதரி. இதுவரை தங்களுக்கு வந்த ஒவ்வொரு சோடியும் நான் ஒருத்தி தைத்தது. நாடா கோர்த்தது என் மகன். தைப்பவர் மாறவில்லை.

இரண்டு: குருவிட்டையில் தைப்பதை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. அதை வாங்குவதும் விடுவதும் தங்கள் விருப்பம். என் கையால் தைத்ததை இனி அந்தக் கடைக்குக் கொடுக்கமாட்டேன். அந்தக் கடைக்காரர் பெயர் போட்ட கார்டுக்குப் பின்னால் என் தையல் இருக்காது.

மூன்று: எனக்கு முழுநேர வேலை உண்டு, இரண்டு சின்னப் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் தையல் பிந்தும். ஆகவே மாதத்துக்கு இருபது சோடிக்கு மேல் ஒப்புக்கொள்ள முடியாது. அது போதும் என்றால் எனக்கு எழுதவும். கார்டில் என் பெயரைப் போடவும்.

மூன்றாவதை எழுதும்போது கை நின்றது. துஷாந்தன் சொன்னது அவ்வளவும் அதற்குள் இருக்கிறது. இருபது சோடிக்காரியை எந்தக் கம்பனி தேடும்? ஐம்பது என்று எழுதலாம். எழுதிவிட்டுச் சமாளிக்கலாம். தொட்டிலில் பிள்ளை விழித்துக் கையை நீட்டியது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, இருபது என்றே விட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை பகலில் மடுவத்தை மற்ற ஆயம்மாவிடம் ஒப்படைத்து பஜாருக்கு இறங்கினேன். தபால் கந்தோருக்கு முன்னால்தான் த்ரீவீல் நிறுத்துகிற இடம். வரிசையில் மூன்றாவதாக நின்றது எங்களுடையது. இன்னும் சீட்டில் பொலித்தீன் கழற்றவில்லை. சதீஸ் என்னைப் பார்த்ததும் நேராக உட்கார்ந்தார்.

"ஊட்டுக்குத்தானே? ஏறு."

"தபால் கந்தோருல வேலை இருக்கு."

கையில் இருந்த உறையைப் பார்த்தார். மேலே இருந்த விலாசத்தை வாசிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "அந்த மிஸ்ஸுக்கா?"

"ஆமா."

"அதப் போட்டா மச்சான் கையெழுத்த வாபஸ் வாங்கிருவான். வண்டி போயிரும்."

"தெரியும்."

"நான் பெக்டரி வேலையும் விட்டுட்டேன்."

அது எனக்குத் தெரியாது. அதையும் அவர் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. பக்கத்து வண்டிக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "பேருதானே. ஒரு கார்டுல இருக்கிற பேரு. அத யாரு வாசிக்கப் போறா? உன் பேர நாங்க எல்லாரும் வீட்டுல கூப்பிடத்தானே செய்யுறோம்."

"அன்னைக்குக் கடையில கூப்பிட்டிருக்கலாமே," என்றேன். "நீங்க அங்கதானே இருந்தீங்க. இவங்க என் சம்சாரம்னு ஒரு வார்த்தை. நான் தைக்கிறத நிப்பாட்டிட்டு அதுக்குத்தான் காத்திருந்தேன்."

அவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் உள்ளே போயிருக்கமாட்டேன்.

கவுண்டருக்குப் பக்கத்து மேசையில் பசைப் போத்தல் இருந்தது. கடிதத்தை இன்னொரு தரம் வாசித்தேன். திருத்த ஒன்றும் இருக்கவில்லை. மடித்து உள்ளே வைத்து, உறை வாயின் ஓரத்தில் பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தேன். தையலைச் சூடு வைத்துத் தேய்ப்பது மாதிரி, இரண்டு பக்கமும்.

பதிவுத் தபால் என்றேன். அந்த அம்மா உறையைத் திருப்பி, அனுப்புகிறவர் விலாசம் எங்கே என்று கேட்டார். அதை மட்டும் அங்கே வந்து எழுதலாம் என்று வேண்டுமென்றே விட்டு வைத்திருந்தேன். பேனாவைக் கேட்டு வாங்கி, நின்றபடியே எழுதினேன்: பிரஷாந்தினி. தபால் கந்தோரில் வைத்திருக்கவும். றக்வானை.

எழுதி முடிய மூன்று வரி வந்தது. உறையில் இடம் தாராளமாக இருந்தது.

அவர் பதிவு இலக்கத்தை ஒட்டி, முத்திரைமேல் ஓங்கிக் குத்தினார். வெளியே ஒரு த்ரீவீல் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. எங்களுடையதா என்று நான் திரும்பவில்லை. கடிதம் அவர் கையிலிருந்து கொழும்புப் பைக்குள் விழுந்தது.